எதிர் இலை

ஆவுடையம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

ஒரேயடியாக நிறுத்தவில்லை. நாலு இட்லி மூன்றாயிற்று. மூன்று ஒன்றரையாயிற்று. பிறகு தட்டில் வைத்ததை விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்துவிட்டு எழுந்துபோனாள். கேட்டால் பசிக்கவில்லை என்பாள். அறுபத்தொரு கிலோ இருந்தவள் நாற்பத்தாறுக்கு வந்துவிட்டாள். கையைத் தூக்கினால் வளையல் முழங்கைக்கு ஓடியது.

டாக்டர் எல்லாம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை, கொழுப்பு, உப்பு, தைராய்டு.

"ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

"ரிப்போர்ட் இருக்கு டாக்டர். ஆளைக் காணமே," என்றார் புருஷன்.

புருஷன் பெயர் சங்கரநயினார். ஓய்வு பெற்ற உணவு ஆய்வாளர். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். கடை கடையாகப் போய் எண்ணெய், பருப்பு, மிளகாய்த்தூள் என்று சாம்பிள் எடுத்து, பாட்டிலில் அடைத்து, அரக்கு வைத்து, சீட்டு ஒட்டி லேபுக்கு அனுப்பியவர். ஊருக்கு அவர் ஆபீசர். ஓய்வு பெற்ற பிறகும் ஆபீசர்தான்.

அறுபதாவது வயதில் அவர் ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடக் காட்டியது. "சாப்பாட்டுல கவனமா இருங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் அதை அப்போதே மறந்திருப்பார். ஆபீசர் மறக்கவில்லை.

சமையலறைக்கு ஒரு தராசு வந்தது. சோறு அறுபது கிராம். எண்ணெய் ஒரு ஸ்பூன், அதுவும் தட்டி வழித்தது. சுவரில் அட்டவணை ஏறியது. பச்சை மையில் எழுதியது சாப்பிடலாம், சிவப்பு மையில் எழுதியது கூடாது. தேங்காய்ப்பால் சிவப்பு. தேங்காய்ப்பாலில் ஆவுடையம்மாள் வைக்கும் சொதிக்கு மூன்று தெருவில் பேர் உண்டு. அட்டவணை ஏறிய அன்றோடு சொதி போயிற்று.

செல்போனில் தினம் ஒரு செய்தி வரும். திங்கட்கிழமை தேங்காய் எண்ணெய் விஷம். வியாழக்கிழமை அதே தேங்காய் எண்ணெய் மருந்து. முட்டையின் மஞ்சள் கரு மூன்று தடவை வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டு மூன்று தடவையும் திரும்பி வந்தது. ஓட்ஸ் வந்தது. ஓட்ஸ் போய் வரகு வந்தது. வரகு போய் ஏதோ வெளிநாட்டு விதை வந்தது, தண்ணீரில் போட்டால் தவளை முட்டை மாதிரி உப்பியது. கடையில் பாக்கெட்டின் பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் படிப்பார். ஒரு பிஸ்கட் வாங்க நாற்பது நிமிஷம். கடைக்காரர் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டுவிட்டார்.

ஆவுடையம்மாளுக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அவளுக்குத் தனி அட்டவணை. சாயங்காலம் ஆறரைக்கே இவர் தன் கிண்ணத்தில் ஊறவைத்ததைத் தின்றுவிடுவார். அப்புறம் அவள் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் நின்று பார்ப்பார். பழக்கம் விடாமல் சாம்பிளும் எடுப்பார். அவள் வைத்த குழம்பில் இரண்டு கரண்டி பாட்டிலுக்குப் போகும். தேதி ஒட்டி ஃபிரிட்ஜில் ஏறும்.

"என் குழம்புல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"உன்னைச் சந்தேகப்படலை ஆவுடை. பருப்பைத்தான் சந்தேகப்படுதேன்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அவருக்கு அவள் மேல் உயிர். ராத்திரி அவள் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து பார்க்கிற மனுஷர். அவளுக்குப் பசிக்க டாக்டர் ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். ஆபீசர் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். சர்க்கரை சேர்த்திருந்தது. கொடுக்கவில்லை.

இனி ஒன்றும் இல்லை என்று ஆனதும் கல்மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கல்மடம் மலையடிவாரத்தில் ஓடைக்கரையில் இருக்கிறது. சாமி ஒருவர்தான். முன்பு லாரி ஓட்டியவர். இப்போது சமைக்கிறார், மத்தியானம் வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறார், கேட்டால் பேசுகிறார். பதினெட்டு வருஷத்துக்கு முன் மடத்துச் சமையலைப் பரிசோதிக்க வந்த ஆபீசரை, முதலில் சாப்பிடும், அப்புறம் பாட்டிலை எடும் என்று உட்கார வைத்தவர். அன்று முதல் ஆபீசர் அவருக்குச் சீடர். சாமிதான் வயதில் எட்டு வருஷம் சின்னவர். அதை இருவரும் பொருட்படுத்தியதில்லை. ஆனால் கடைசி ஆறு வருஷமாக ஆபீசர் மடத்துக்கு வந்தாலும் டப்பாவில் கொண்டுவந்ததைத் தின்றுவிட்டுப் போவார்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆவுடையம்மாளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்கம்மா. உக்காருங்க. வேய் ஆபீசரே, என்ன ஓய் இது? பாதியைத்தான் கொண்டாந்திருக்கீரு?"

"அதுக்குத்தான் சாமி வந்தேன். இவ சாப்பிட மாட்டேங்கா. எதைக் கொடுத்தா சாப்பிடுவா?"

"நீர் என்ன சாப்பிடுதீரு?"

"நானா? காலையில ஆறு பாதாம். ஊறவைச்சுத் தோல் உரிச்சது. அப்புறம் ஒரு பொடி. ஏழு தானியம்."

"அவங்க?"

"அவளுக்கு வேற பொடி. ஒன்பது தானியம்."

"அவங்க சமைச்சதை நீர் சாப்பிடுதது?"

"அதுல பாத்தீங்கன்னா சாமி, இந்த வயசுக்கு மேல மாவுச்சத்து..."

"உம்மைத்தான் கேட்டேன். மாவுச்சத்தைக் கேக்கலை."

ஆபீசர் குனிந்து கீரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே பாத்திரத்துச் சோத்தைத் தின்னு எவ்வளவு நாளாச்சு?"

"அது வந்து..."

"ஆறு வருஷம்," என்றாள் ஆவுடையம்மாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சாமி கீரையைக் கூடையில் போட்டார்.

"ஒரு வாரம் இருங்க. இருந்து சாப்பிட்டுப் போங்க."

"சாமி, நான் கேட்டதுக்குப் பதில்?"

"கீரை வாடுது ஓய். அதை முதல்ல பாக்கணும்."

உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் மணி அடித்தது. கல்மடத்துப் பந்தி வேறு எங்கும் இல்லாத மாதிரி. இரண்டு வரிசை எதிரெதிராக உட்காரும். நடுவில் சோற்றுப் பாத்திரமும் குழம்பு வாளியும் இருக்கும். பரிமாற ஆள் கிடையாது. மாடக்கண்ணு என்று ஒருவர், வாழைத்தார் சுமப்பவர், தினம் அங்கே சாப்பிடுகிறவர், ஆவுடையம்மாளுக்கு முறையை எடுத்துச் சொன்னார்.

"ஆச்சி, இங்க உங்க இலையை நீங்க பாக்கப்படாது. எதிர் இலையைத்தான் பாக்கணும். அங்க எது குறையுதோ அதை நீங்க வைக்கணும். உங்க இலைக்கு எதிர்ல உள்ளவங்க வைப்பாங்க. கேட்டு வாங்கப்படாது. வச்சா வேண்டாம்னு கையை மறிக்கப்படாது."

"வயிறு நிறைஞ்சுட்டா?"

"எந்திரிச்சிரலாம். ஆனா நீங்க எந்திரிச்சா எதிர்ல உள்ளவங்களும் எந்திரிக்கணும். பாதியில இருந்தாலும் சரி. அதனால பாத்து எந்திரிக்கணும். போன மாசம் ஒரு சீக்காளிக்கு எதிர்ல உக்காந்து நான் பட்ட பாடு சாமிக்குத்தான் தெரியும்."

சாமி ஆவுடையம்மாளை உட்காரவைத்தார். எதிரில் ஆபீசரை உட்காரச் சொன்னார்.

ஆபீசர் உட்காரவில்லை. பையிலிருந்து சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்து வாளியில் முக்கினார். வரிசை முழுவதும் மடியில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது.

"என்ன ஓய் அது?"

"சாம்பிள் சாமி. பழக்கம்."

"எதுக்கு?"

"நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா லேபுக்கு அனுப்பணும்லா."

"ஐயா," என்றார் மாடக்கண்ணு, "இன்னும் அஞ்சு நிமிஷம் போச்சுன்னா எனக்கு இன்னைக்கே ஆயிரும்."

பந்தி சிரித்தது. ஆவுடையம்மாளின் உதடும் கொஞ்சம் அசைந்தது. ஆபீசர் பாட்டிலை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆவுடையம்மாள் மூன்று கவளம் சாப்பிட்டாள். எழுந்தாள். ஆபீசரும் எழுந்தார். அவருக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. பதினோரு மணிக்கே ஏழு தானியத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். அவர் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது.

மறுநாளும் மூன்று கவளம். அவரும் எழுந்தார். கை கழுவும் இடத்தில் அவளிடம், "பாத்தியா, கூட்டுல எண்ணெய் மிதக்கு," என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் ஆபீசர் சாமியிடம் வந்தார்.

"சாமி, நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"என்ன சொல்லணும்?"

"அவ அப்படியேதான் இருக்கா. எனக்குப் பயமா இருக்கு சாமி. நேத்து சேலையைக் கட்டிக்கிட்டிருந்தா. பாத்தேன். கொசுவம் எத்தனை வருதுன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முன்னால அஞ்சு வரும். இப்ப எட்டு வருது."

சாமி ஒரு காலிக் குடத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு ஓய். நாளைக்கு நடைப் பயணமா நாப்பது பேர் வாராங்க. ஓடையில இருந்து தண்ணி சுமக்கணும். மாடக்கண்ணுக்கு இடுப்பு பிடிச்சிருக்கு. ஒத்தையாளா முடியாது. விடிஞ்சதும் போவீரா?"

"போறேன் சாமி. ஆனா நான் கேட்டது..."

"தொட்டி நிறையட்டும்."

விடிந்ததும் ஆபீசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். ஓடைக்கும் தொட்டிக்கும் எழுபது படி. அறுபத்தாறு வயது. முதல் குடம் தோளில் ஏறி, பாதி அவர் மேலேயே கொட்டியது.

"ஐயா, நீங்க குளிக்கீங்களா, தண்ணி சுமக்கீங்களா?" என்றார் மாடக்கண்ணு.

"பேசாம நடவே."

பதினைந்தாவது குடத்தில் ஆபீசருக்குப் பாதாம் ஞாபகம் வந்தது. டப்பா மடத்தில் பைக்குள் இருந்தது. இருபதாவது குடத்தில் பொடி ஞாபகம் வந்தது. முப்பதாவது குடத்தில் எதுவும் ஞாபகம் வரவில்லை. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வயிற்றுக்குள் ஏதோ திரும்பிப் படுத்த மாதிரி இருந்தது. என்னவென்று அவருக்கே பிடிபட நேரமாயிற்று.

மடத்தில் சாமி அடுப்புக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். நாற்பது பேர் என்றது அறுபதாகிவிட்டது. ஆவுடையம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, புளிக்குழம்பு வைக்கத் தெரியுமா?"

"அது தெரியாமலா சாமி?"

"அப்ப வாங்க. எனக்குக் கை ரெண்டுதான்."

அவள் உள்ளே போனாள். புளிப் பானையின் முன் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள்.

"தராசு எங்க இருக்கு?"

"தராசா? புளிக்கா?"

"ஆறு வருஷமா நிறுத்துத்தான் போடுதேன் சாமி."

"இங்க தராசு இல்லை. கைதான் இருக்கு."

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பானைக்குள் விட்டு ஓர் உருண்டை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து ஏந்தினாள். கொஞ்சம் கிள்ளித் திரும்பப் போட்டாள். சாமி அரிசி களையப் போய்விட்டார்.

அப்புறம் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வெந்தயம் எங்கே என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். குழம்பு கொதிக்கும்போது சாமி எட்டிப் பார்த்தார்.

"உப்பு பாத்தீங்களா அம்மா?"

"பாக்க வேண்டாம். கொதி வாசத்துலேயே தெரியும்."

கொஞ்ச நேரம் முகர்ந்தாள். ஒரு கை உப்பு அள்ளிப் போட்டாள்.

நடைப் பயணக்காரர்களுக்கு முதல் பந்தி. அவர்களுக்குக் கால் வலி, பசி, எதிரில் உள்ளவருக்கு வைக்கவேண்டும் என்ற முறை வேறு புதுசு. பந்தி முடிய நேரமாயிற்று. ஆபீசர் தண்ணீர் சுமந்து வந்து, ஈர வேட்டியோடு வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்து குழம்பு வாசம் வந்துகொண்டே இருந்தது. இரண்டு தடவை எழுந்து உள்ளே போகப் பார்த்தார். மாடக்கண்ணு கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"டப்பாவை எடுத்துட்டு வந்திருதேன்வே."

"இருங்கய்யா. மணி அடிக்கப் போவுது. அந்தப் பொடி எங்க ஓடிரப் போவுது."

மணி அடிக்க இரண்டேகால் ஆயிற்று.

இரண்டாவது பந்தியில் பத்துப் பேர்தான். ஆபீசர் உட்கார்ந்தார். எதிரில் ஆவுடையம்மாள் உட்கார்ந்தாள். அவள் அவர் இலையில் சோறு வைத்தாள். கை பழக்கத்தில் அறுபது கிராம்தான் வைத்தது. குழம்பு விட்டாள்.

அவர் பாட்டிலை எடுக்கவில்லை. குனிந்தார். பிசைந்தார். வாயில் போட்டார்.

அறுபது கிராம் நாலு வாயில் போயிற்று.

அவர் நிமிரவில்லை. கேட்டு வாங்கக்கூடாது. விரலால் இலையை வழித்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டார். மறுபடி வழித்தார்.

ஆவுடையம்மாள் அப்போது மூன்றாவது கவளத்தை முடித்திருந்தாள். வழக்கம்போல எழுந்திருக்க இடது கையைத் தரையில் ஊன்றினாள்.

அவர் இலை கண்ணில் பட்டது.

ஊன்றிய கை அப்படியே நின்றது. அந்த விரல்கள் வெறும் இலையில் போய் வந்துகொண்டிருந்தன. கல்யாணமான புதிதில் அப்படித்தான் வழிப்பார். மாமியார்கூடக் கேலி செய்வாள், இலையை விட்டுருடா, அதையும் தின்னுறாதே என்று.

தான் எழுந்தால் அவரும் எழுந்திருக்க வேண்டும்.

கையை எடுத்துவிட்டாள். சோற்றுக் கரண்டியை எடுத்தாள். இந்தத் தடவை அறுபது கிராம் இல்லை. குழம்பை விட்டாள், நிறைய. அவர் பிசைந்தார். அவரோடு அவளும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே.

அவர் சாப்பிட்டார். அவள் வைத்தாள். மறுபடி ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

"ஐயா," என்று மாடக்கண்ணு மெதுவாக அவர் காதில் சொன்னார், "ஆச்சி இலை காலியா கிடக்கு. பாக்க மாட்டீங்களா?"

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. ஆறு வருஷமாக அந்தத் தட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். காலியாகப் பார்த்ததில்லை.

கரண்டியை எடுத்தார். அரைக் கரண்டி சோறு எடுத்தார். கை கொஞ்சம் யோசித்தது. பாத்திரத்தில் விட்டு நிறைய அள்ளினார்.

ஆவுடையம்மாள் இலை மேல் கையை நீட்டினாள்.

"கையை மறிக்கப்படாது ஆச்சி," என்றார் மாடக்கண்ணு.

கை விலகியது. சோறு விழுந்தது. ஆபீசர் குழம்பு ஊற்றினார். ஊற்றும்போதே நின்றார். வாளியை மூக்குக்குப் பக்கத்தில் தூக்கினார்.

"ஆவுடை. புளி நீ கரைச்சதா?"

"ம்."

"அதான்."

அவ்வளவுதான் பேசினார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். மாடக்கண்ணு எழுந்துபோனார். அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு அவள் வைத்தாள். அவளுக்கு அவர் வைத்தார். சோற்றுப் பாத்திரத்தின் அடி தெரிந்தது. சாமிக்கு அந்தப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும். அவர் பேசாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாளும் தண்ணீர். மோட்டார் அந்த வாரம் சரியாகவில்லை. ஆபீசர் தினம் எழுபது படி ஏறி இறங்கினார். ஆவுடையம்மாள் காலையிலேயே அடுப்படிக்குப் போய்விடுவாள். நாலாம் நாள் சாமி அரைத்த துவையலைப் பார்த்து, என்ன சாமி இது, அம்மியைக் காட்டிட்டு எடுத்துட்டீங்களா என்றாள். ஐந்தாம் நாள் சொதி வைத்தாள். ஆறாம் நாள் பந்தியில் ஆபீசர் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்தப் பார்த்தார்.

"என்ன, அதுக்குள்ள? எனக்கு இன்னும் மோர் விடலை. இருங்க," என்றாள்.

பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னாள். ஆபீசர் இருந்தார்.

ஏழாம் நாள் ஊருக்குக் கிளம்பினார்கள். ஆவுடையம்மாள் பையை எடுத்துக்கொண்டு மாடக்கண்ணோடு பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னால் போனாள். ஆபீசர் நோட்டும் பேனாவுமாகச் சாமி முன் வந்து நின்றார்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வீட்டுக்குப் போயும் இப்படியே நடத்தணும்லா. அதுக்குத்தான்."

"கேளும்."

"இது என்ன அரிசி?"

"ஊர்க்காரங்க ஆளுக்கு ஒரு படி கொண்டாருவாங்க."

"என்ன ரகம்?"

"எல்லா ரகமும். பாதி ரேஷன்."

ஆபீசர் எழுதவில்லை. பேனாவைத் திருப்பிப் பிடித்தார்.

"எண்ணெய்? செக்கா?"

"ரேஷன் பாமாயில்."

"பாமாயிலா சாமி?"

"தீபாவளி அன்னைக்கு மட்டும் நல்லெண்ணெய்."

"அப்ப தண்ணிதான். ஓடைத் தண்ணி. மூலிகை வேர்ல பட்டு வருதுல்லா, அதுல தாது உப்பு இருக்கும். ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போய் லேப்ல..."

"மேல ரெண்டு ஊர்ல எருமை குளிப்பாட்டிட்டுத்தான் இங்க வருது. காய்ச்சித்தான் குடிக்கோம்."

ஆபீசர் நோட்டை மூடினார். அவர் முகத்தில் முன்பு இருந்த பயம் திரும்பி வந்தது.

"சாமி, விளையாடாதீங்க. ஏதோ ஒண்ணு அவளைச் சாப்பிட வச்சிருக்கு. அது என்னன்னு தெரியாம நான் அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, மறுபடி நின்னு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அது எதுன்னு சொல்லுங்க."

"எதுன்னு இல்லை ஓய். யாருன்னு கேளும்."

"யாரு சாமி? நீங்களா?"

"நானா? நான் ரெண்டு நாள் சமைச்சுப் போட்டேன். மூணு வாய்தான் தின்னாங்க."

"மாடக்கண்ணா?"

"அவனுக்கு அவன் இலையைத் தவிர எதுவும் தெரியாது. முறையைச் சொல்லுதான், அவ்வளவுதான்."

"அப்ப யாரு?"

"சாப்பிட்டவங்ககிட்டப் போய்க் கேளும். ஆறு வருஷமா பாக்கெட்டைக் கேட்டீரு, டாக்டரைக் கேட்டீரு, போனைக் கேட்டீரு. இப்ப வந்து என்னைக் கேக்கீரு. பஸ் வந்துரும், ஓடும்."

சாமி எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

பஸ் கிளம்பிவிட்டது என்றுதான் ஆபீசர் நினைத்தார். மாடக்கண்ணு படியில் ஒரு காலை வைத்து டிரைவரோடு சண்டை போட்டு நிறுத்தி வைத்திருந்தார். ஆவுடையம்மாள் ஜன்னல் பக்கம் இடம் பிடித்திருந்தாள். ஆபீசர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். பஸ் நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆவுடை. ஒண்ணு கேட்டாச் சொல்லுவியா?"

"கேளுங்க."

"இங்க வந்து நீ எப்படிச் சாப்பிட ஆரம்பிச்சே?"

அவள் வெளியே பார்த்தாள்.

"எனக்கு எதிர்ல ஒருத்தர் உக்காந்திருந்தாரு. அவரு பசியா இருந்தாரு. நான் எந்திரிச்சா அவரும் எந்திரிக்கணும்னாங்க. எந்திரிக்க மனசு வரலை."

"சாமிகிட்டக் கேட்டேன். உன்னைக் கேக்கச் சொல்லிட்டாரு. யாரு அது?"

"தெரியாதா?"

"தெரிஞ்சா கேப்பேனா? அன்னைக்கு இலையைத் தவிர நான் எதையும் பாக்கலை. பந்தியில யார் யார் இருந்தாங்கன்னே எனக்குத் தெரியாது."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று பார்த்தாள். இல்லை. மனுஷர் நிஜமாகத்தான் கேட்டார். மடியில் நோட்டு விரிந்திருந்தது. பேனா தயாராக இருந்தது.

"பேரு என்ன, சொல்லு. எழுதிக்கிடுதேன்."

கண்டக்டர் பின்னால் எங்கோ நின்றார். முன் சீட்டில் ஒரு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேரைக் கேட்டபோதுகூட அடுத்தவரைச் சொல்லச் சொன்னவள். வாக்காளர் பட்டியல் எழுத வந்தவரிடம் சீட்டை எடுத்து நீட்டியவள்.

அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"சங்கரநயினார்," என்றாள்.